ஏர் பிடித்தவனிடம் பாடம் கேட்ட வெள்ளையர்

பண்ருட்டியிலே பலா விளைகிறது, முந்திரி விளைகிறது, நிலக்கடலையும் கரும்பும் விளைகின்றன. கோதுமை விளைவதில்லை. கெடிலத்தின் கரையில் உட்கார்ந்துகொண்டு கோதுமையைப் பற்றி எழுத வந்துவிட்டானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பகலெல்லாம் மூட்டை சுமந்து, வண்டி இழுத்து, தறி ஓட்டி, மாலையில் புரோட்டாக் கடையில் கை கழுவிவிட்டு உட்காருகிறோமே, அங்கே இலையில் விழுவது எது? கோதுமையின் மாவுதான். நியாயவிலைக் கடையில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அரிசிக்கு அடுத்து அளந்து போடுவது எது? அதுவும் கோதுமைதான். நாம் விளைவிக்காத தானியம். ஆனால் நம் வயிற்றை அறிந்த தானியம். வடநாட்டு வயலில், மார்கழிக் குளிரில், நம்மைப் போன்ற ஒரு பாட்டாளி மடை திருப்பி, மண்வெட்டி பிடித்து வளர்த்த தானியம்.

தண்ணீர் குறைவான சீமையில் அந்தத் தானியத்தை எப்படி வளர்ப்பது, எவ்வளவு பாய்ச்சுவது, என்ன எருப் போடுவது என்று ஆராய்வதிலேயே வாழ்வில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரின் கதையை இன்று சொல்லப்போகிறேன். தண்ணீரைப் பற்றியும் எருவைப் பற்றியும் பண்ருட்டிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மேலும் மேலும் குழாய் இறக்கியவர்கள், உரமூட்டையின் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே இந்தக் கதை நமக்கு அந்நியக் கதை ஆகாது. கதைக்கு உரியவர்தான் அந்நியர். அவர் பெயர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்றொரு சீமை. அங்கே பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூர். 1873 டிசம்பர் 8-ஆம் நாள் அங்கே ஓர் உழவர் வீட்டில் பிறந்தார் ஹோவர்ட். ஆட்சி செய்யப் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை அல்லர். மாட்டுத் தொழுவத்தின் வாடையில் வளர்ந்த பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரர். லண்டனில் அறிவியல் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் அப்படிப் படித்து வெளியே வந்தவர்களை வெள்ளை அரசு தன் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பும். ஹோவர்டையும் அனுப்பியது, மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் என்னும் தீவுக்கு. வேலை என்ன? பயிரைத் தாக்கும் பூஞ்சண நோய்களை ஆராய்ந்து தோட்டக்காரர்களுக்கு மருந்து சொல்வது.

1899-இல் போனார். கண்ணாடிக் குழாய்களும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தார். கரும்பு நோய் பற்றி அறிக்கை எழுதினார். எழுத எழுத அவருடைய மனத்திலே ஒரு முள் தைத்தது. கரும்புக்கு மருத்துவம் சொல்கிற நான் ஒரு கரும்பாவது நட்டு வளர்த்திருக்கிறேனா? என் மருந்தை என் நிலத்திலே போட்டுப் பார்த்திருக்கிறேனா? எனக்கென்று ஒரு காணி நிலம்கூட இல்லையே! இந்த வினாக்கள்தான் தோழர்களே, பிற்பாடு அந்த மனிதரை மனிதராக்கின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டி சொன்னதை, கேம்பிரிட்ஜில் படித்த ஒருவர் கடல் கடந்து போய்த் தாமே கண்டுபிடித்தார்.

1903-இல் இங்கிலாந்து திரும்பி ஒரு வேளாண்மைக் கல்லூரியில் சில காலம் இருந்தார். 1905-இல் இந்தியாவுக்கு வந்தார். பீகாரில் பூசா என்ற சிற்றூரில், கர்சன் பிரபு ஆட்சியில், பேரளவிலான வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று அப்போதுதான் தோன்றியது. ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த பணமும் அதிலே சேர்ந்தது. அங்கே அரசின் பொருளியல் தாவரவியலாளர் என்ற பதவி ஹோவர்டுக்கு. வந்ததும் அவர் கேட்டது பங்களாவை அல்ல, நிலத்தை. 75 ஏக்கர் கிடைத்தது. அதில் தாமே பயிர் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் கிடைத்தது.

அதே ஆண்டில் பம்பாயில் அவருக்குத் திருமணம். மணமகள் கேப்ரியல் மத்தாய். கணவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்க வந்தவர் அல்லர் அவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். இலை எந்த வெப்பத்தில் எவ்வளவு கரியமிலவாயுவை உட்கொள்கிறது என்று அளந்து காட்டி, அறிவியல் உலகில் அதற்குள்ளாகவே பெயர் எடுத்தவர். பூசாவில் கணவனும் மனைவியும் ஒரே வயலில் நின்றார்கள்; வெளியிட்ட நூல்களில் இருவர் பெயரும் இருக்கும். ஊதியமும் பதவியும் மட்டும் அந்த அம்மையாருக்கு உடனே வந்துவிடவில்லை. 1913-இல்தான் இரண்டாம் தாவரவியலாளர் என்ற பதவியை அரசு அளித்தது. எட்டாண்டு உழைப்புக்குப் பிறகு! கேம்பிரிட்ஜில் படித்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கே அந்தக் கதி என்றால், நம் வயலில் நாற்று நட்ட பெண்ணின் கூலிக் கணக்கை யார் எழுதியிருப்பார்?

பூசாவில் வேலை தொடங்கியது. இந்தியாவில் விளையும் கோதுமை வகைகளையெல்லாம் திரட்டினார்கள், வகை பிரித்தார்கள், கலப்பில்லாத விதை எடுத்தார்கள். 1909-இல் இந்தியக் கோதுமை பற்றி இருவரும் சேர்ந்து ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். பூசா 4, பூசா 12 என்ற வகைகள் அவர்கள் கையிலிருந்து வந்தவைதாம். வடநாட்டிலே பல லட்சம் ஏக்கரில் அவை பரவின. இது ஒன்றே போதும், ஒரு மனிதரின் பெயர் நிற்க. ஆனால் என்னைக் கேட்டால் இது அவருடைய பெருமையில் சிறிய பாதி என்பேன். பெரிய பாதி எங்கே இருக்கிறது தெரியுமா? வேலியைத் தாண்டி, பக்கத்து வயலில் இருக்கிறது.

பூசாவைச் சுற்றிப் பீகார் உழவர்களின் வயல்கள். மருந்து தெளிக்க அவர்களுக்கு வசதி இல்லை. மூட்டை உரம் அவர்கள் கண்டதே இல்லை. ஆயினும் அவர்கள் பயிரிலே பூச்சியும் நோயும் மிகக் குறைவு! துரை திகைத்தார். திகைத்தவர் என்ன செய்தார்? அதிகாரி உடுப்போடு போய் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. நின்று பார்த்தார். கோதுமையோடு கடலையைக் கலந்து விதைக்கிறார்கள், ஏன்? சோளத்துக்கு நடுவே துவரை போடுகிறார்கள், ஏன்? வெயில் கொளுத்தும் கோடையிலே நிலத்தை உழுது புழுதியாக்கிக் காயப் போடுகிறார்கள், ஏன்? ஒவ்வொரு ஏனுக்கும் விடை மண்ணில் இருந்தது. இந்த உழவர்களும், பயிரை அரிக்கும் பூச்சிகளுமே தமக்குப் பேராசிரியர்கள் என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதி வைத்தார். பூச்சி ஏன் பேராசிரியர்? எந்தப் பயிர் நலிந்திருக்கிறதோ அதன்மேல் போய் உட்கார்ந்து, இங்கே உன் உழவு சரியில்லை என்று அது காட்டிக் கொடுக்கிறதாம்!

இங்கே என் சொந்த நினைவு ஒன்று குறுக்கே வருகிறது. பள்ளி நாட்களில் எங்கள் ஊர்ப்பக்கம் வேளாண்மைக் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையிலே ஒருவர் படங்காட்டிப் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த முதியவர் எழுந்து, எங்கள் செம்மண் மேட்டுக்கு இது ஒத்துவராதே ஐயா என்று பணிவாகத்தான் சொன்னார். படிக்காதவர் பேசக்கூடாது என்ற பொருளில் ஒரு கையசைப்பு, முதியவர் உட்கார்ந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடிமை நாட்டு உழவனிடம் ஆளும் நாட்டான் பாடம் கேட்டான். விடுதலை பெற்ற நாட்டில் நம்மவனே நம்மவனை உட்காரச் சொன்னான். ஹோவர்டின் கதையைப் படித்தபோது அந்த முதியவரின் முகம்தான் எனக்கு வந்தது. போகட்டும்.

இனி, தண்ணீர்க் கதை.

இன்றைய பாகிஸ்தானில், பலுசிஸ்தானம் என்ற வறண்ட மலைநாட்டில், குவெட்டா என்ற நகரம் இருக்கிறது. அதைச் சூழ்ந்து ஒரு பள்ளத்தாக்கு. மழை குறைவு. குளிர்காலத்தில் சிறிது மழையும் பனியும் விழும். கோடையில் வானம் வெண்கலம். மலையடிவாரத்தில் கிணறு தோண்டி, அங்கிருந்து மண்ணுக்கடியிலே சுரங்கம் குடைந்து, காரேஸ் என்ற பாதாளக் கால்வாய் வழியாகத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே தண்ணீர் பொன்னைப் போல. 1910 முதல் சில ஆண்டுகள், கோடை மாதங்களில் ஹோவர்ட் தம்பதியர் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார்கள். பழத்தோட்டம் முதல் காரியம், கோதுமை இரண்டாவது. எனக்கு அந்த இரண்டாவதுதான் முதலாவதாகப் படுகிறது.

குவெட்டா உழவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கோதுமை விதைத்தபின் பலமுறை தண்ணீர் கட்டினார். ஒவ்வொரு முறையும் நீர் தேங்கி வடியும், வெயில் அடிக்கும், மேல்மண் இறுகி ஓடு கட்டும், ஓட்டில் வெடிப்பு விழும், வெடிப்பு வழியே ஈரமெல்லாம் ஆவியாகப் போகும். போனதும் மறுபடி தண்ணீர். ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது போன்ற வேலை. ஊற்றுகிறவன் கை ஓயவில்லை, குடமும் நிறையவில்லை.

ஹோவர்ட் தம்பதியர் வழியை மாற்றிப் பார்த்தார்கள். விதைப்புக்கு முன்னாலேயே நிலத்தை ஒரே முறை நன்றாக, ஆழம்வரை நனையும்படி பாய்ச்சினார்கள். மண் பதத்துக்கு வந்ததும், ஒரு நாளும் வீணாக்காமல் உழுது, பரம்படித்துச் சமன் செய்து, மேலே உலர்ந்த புழுதியால் ஒரு போர்வை போர்த்தினார்கள். விதை ஈர மண்ணிலே விழுந்தது. புழுதிப் போர்வை ஈரத்தை வெளியே விடாமல் காத்தது. குளிர்கால மழை பெய்து மேல்மண் ஓடு கட்டினால், பலுகு ஓட்டி அந்த ஓட்டை உடைத்தார்கள். மறுபடி தண்ணீர் கட்டவே இல்லை. அறுவடைக்கு அந்த ஒரே தண்ணீர் போதுமானதாக இருந்தது! விளைச்சல் பக்கத்து வயலுக்குக் குறையவில்லை. மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு, அதுவரை தரிசாகக் கிடந்த நிலத்திலும் விதைக்கலாம் என்று கணக்குக் காட்டினார்கள். கோதுமைப் பயிரில் பாசன நீரைச் சிக்கனம் செய்வது பற்றி அவர்கள் வெளியிட்ட சிற்றேடு அந்த நாளில் பெரும் விவாதத்தைக் கிளப்பிவிட்டது.

குறைந்த நீரில் எப்படி விளைந்தது? இங்கேதான் அவர்கள் கண்ட உண்மை நம் எல்லாருக்கும் உரியது. பயிரின் வேரும் மூச்சு விடுகிறது. நமக்கு மூக்கு எப்படியோ, வேருக்கு மண்ணின் துளைகள் அப்படி. தண்ணீரை மேலும் மேலும் கட்டினால் துளைகள் அடைபடும், காற்று நுழையாது, தண்ணீரில் நின்றுகொண்டே வேர் மூச்சுத் திணறும். மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் திணறும். நெல் வேறு வகை. சேற்றில் நிற்கும் வித்தை அதற்குத் தெரியும். கோதுமைக்குத் தெரியாது. நிலக்கடலைக்கும் தெரியாது.

பஞ்சாபிலே அன்று நடந்தது இதற்கு நேர் சான்று. ஐந்து ஆற்று நாட்டில் வெள்ளை அரசு வெட்டிய கால்வாய்களில் தண்ணீர் புரண்டது. தீர்வை எப்படி? பயிருக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று. பாய்ச்சிய தண்ணீரின் அளவுக்கு இவ்வளவு என்று இல்லை. அடுத்த முறை எப்போது வருமோ என்ற அச்சம் வேறு. யார்தான் மடையைச் சீக்கிரம் அடைப்பார்? நாம் மட்டும் என்ன, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரை ஓடவிட்டுவிட்டு, போதும் என்று நிறுத்த மனம் வருகிறதா? உழவனைக் குறை கூறிப் பயனில்லை, ஏற்பாடு அப்படி. விளைவு, நிலத்தடி நீர் மேலே ஏறியது, உப்புப் பூத்தது, வெள்ளை வெளேரென்று வயல்கள் களர்பட்டன. பம்பாய் மாகாணத்தில் நீரா ஆற்றுப் பாசனத்திலும் இதே கதை. தண்ணீர் இல்லாமல் கெட்ட நிலத்தை மழை திருப்பித் தந்துவிடும். தண்ணீர் மிகுந்து உப்பேறிய நிலத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்று களர்நிலம் வைத்திருப்பவரைக் கேட்டால் சொல்வார்.

சரி, தண்ணீரைக் குறைத்தாயிற்று. எரு? குவெட்டாவில் ஷஃப்தல் என்றொரு தீவனப் பயிர் உண்டு. நம் ஊர்க் கொளுஞ்சி, சணப்பு போல வேரிலே முடிச்சு விட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் இனம். அதை மாற்றுப் பயிராகப் போட்டு, மாட்டுக்கும் தீனி, மண்ணுக்கும் எரு என்று இரட்டை ஆதாயம் கண்டார்கள். ஆனால் எருக் கணக்கை ஹோவர்ட் முழுதாகப் போட்டு முடித்த இடம் குவெட்டா அன்று, பூசாவும் அன்று. இந்தூர்.

பூசாவில் ஏன் போடவில்லை? அங்கே ஒரு நோய் இருந்தது. பயிர் நோய் அல்ல, அலுவலக நோய். பூச்சிக்கு ஒரு துறை, பூஞ்சணத்துக்கு ஒரு துறை, உரத்துக்கு ஒரு துறை, பாசியோ பாக்டீரியாவோ அதற்கு ஒரு துறை. ஒரு செடியைப் பத்துத் துண்டாக வெட்டி ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டார்கள். முழுச் செடியைப் பார்க்க வேண்டும் என்று ஹோவர்ட் சொன்னால், என் எல்லைக்குள் வராதே என்று ஒவ்வொரு துறையும் கதவைச் சாத்தியது. ஆகவே அவர் வெளியேறினார். பருத்திக் குழுவின் பணமும், நடு இந்திய சமஸ்தானங்களின் துணையும் கொண்டு, 1924-இல் இந்தூரில் ஏறத்தாழ 300 ஏக்கரில் புதிய நிலையம் ஒன்று எழுந்தது. அதற்கு அவரே தலைவர்.

அங்கேதான் உலகமெங்கும் இந்தூர் முறை என்று பெயர் பெற்ற மக்கு எருவைச் செய்யும் வழி உருவாயிற்று. யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிஞர் அதிலே அவரோடு தோளோடு தோள் நின்றார். 1931-இல் வந்த நூலில் இருவர் பெயரும் இருக்கின்றன. சீனத்து உழவர்கள் நாற்பது நூற்றாண்டாகக் குப்பையை வீணாக்காமல் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்து வருவதைப் பற்றி கிங் என்ற அமெரிக்கர் எழுதிய நூலும் அவருக்கு வழிகாட்டியது. ஆக, இந்தூர் முறையில் சீனத்து உழவனின் பங்கு உண்டு, பீகார் உழவனின் பங்கு உண்டு. இங்கிலாந்தின் அறிவியல் அதை அளந்து ஒழுங்குபடுத்திக் கொடுத்தது.

முறை இதுதான். 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சரிவான பக்கமுள்ள குழி. அதில் தழை, சருகு, களை, வைக்கோல் என்று கலந்த கழிவு ஓர் அடுக்கு, மேலே சாணம், மாட்டு மூத்திரத்தில் ஊறிய தொழுவ மண், விறகுச் சாம்பல், தெளிக்கத் தண்ணீர். மறுபடி அடுக்கு. மிதித்து இறுக்கக் கூடாது, காற்று வேண்டும். பதினைந்து நாள் கழித்து ஒரு புரட்டல், ஒரு மாதத்தில் ஒரு புரட்டல், இரண்டு மாதத்தில் ஒரு புரட்டல். மூன்றாம் மாதம் முடியும்போது கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு எரு. ஓர் ஏர் மாடு வைத்திருப்பவன் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 வண்டி எரு எடுக்கலாம் என்று காட்டினார்.

அடுப்பில் எரிந்துபோகும் வறட்டியை எண்ணிக் கவலைப்படுகிற நமக்கு அவர் இன்னொன்றையும் சுட்டினார். சாணத்தையாவது பொறுக்குகிறோம், மூத்திரத்தைத் தொழுவத்திலேயே விட்டுவிடுகிறோமே! சத்தில் பெரும்பகுதி அதில்தானே போகிறது! தொழுவத்தில் மண்ணைப் பரப்பு; அது குடிக்கட்டும்; பிறகு அந்த மண்ணையே குழியில் போடு. இவ்வளவுதான் செலவு. பருத்தி மாறு மக்காமல் தொல்லை கொடுத்தது. என்ன செய்தார் தெரியுமா? பண்ணைப் பாதையிலே பரப்பிவிட்டார். வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் போகவர மிதித்து நொறுக்கின. இயந்திரம் வாங்கவில்லை; எண்ணெய் ஊற்றவில்லை.

எருவும் தண்ணீரும் வேறு வேறு கணக்கு என்று நாம் நினைக்கிறோம். மூட்டைக்கு ஒரு செலவு, மோட்டாருக்கு ஒரு செலவு என்று எழுதுகிறோம். ஹோவர்ட் அதை ஒரே கணக்காக எழுதினார். மக்கு எரு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணைப் பொலபொலப்பாக்கி வேருக்குக் காற்றும் விடும். மக்கு உள்ள மண்ணில் ஒரு தண்ணீர் நிற்கும் நாளளவு, மக்கில்லாத மணலில் இரண்டு தண்ணீர் நிற்காது.

பாட்டாளித் தோழர்களுக்கு இன்னொன்று. இந்தூர் பண்ணையிலே வேலை நேரம் நாளுக்கு ஆறு மணி! விடிந்தது முதல் அடைந்தது வரை என்பதுதான் அன்றைய பண்ணையாட்களின் நேரம். தொழிற்சாலையிலேயே எட்டு மணி நேரத்துக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அந்த நாளில் இவர் ஆறு மணி என்றார். குறித்த நாளில் கூலி, குடியிருக்க வீடு, நோய்க்கு மருத்துவம். வேலை குறைந்ததா? இல்லை. களைத்த கை அரைக் குழி புரட்டும் நேரத்தில், களைக்காத கை முழுக் குழி புரட்டியது. எருக்குழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் செய்தியை ஏனோ சொல்வதில்லை. சாணத்தையும் சாம்பலையும் அளந்து எழுதுகிறார்கள். குழிக்குள் இறங்கி நின்ற மனிதனின் நேரத்தை அளக்க மறந்துவிடுகிறார்கள்.

1930-இல் கேப்ரியல் அம்மையார் மறைந்தார். கால் நூற்றாண்டு ஒரே வயலில் நின்ற துணை. அடுத்த ஆண்டே ஹோவர்ட் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். கேப்ரியலின் தங்கை லூயிஸ் பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில், உழவுத் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்தவர் இந்த அம்மையார். 1934-இல் ஹோவர்டுக்கு அரசு சர் பட்டம் தந்தது. பட்டம் தந்தவர்கள் பேச்சைக் கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காகக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ஆலைகள் எழுந்தன. போர் முடிந்ததும் அந்த ஆலைகள் உரம் செய்தன. மண்ணை மூன்று சத்துகள் கொண்ட வெறும் பை என்று கருதும் போக்கு வளர்ந்தது. அதை எதிர்த்து 1940-இல் அவர் எழுதிய வேளாண்மை மரண சாசனம் என்ற நூல் உலகெங்கும் இயற்கை வேளாண்மையாளர் கையில் இன்றும் இருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நான் சொல்லமாட்டேன். வேதம் என்று எதையும் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. தம் மாடுகள் கோமாரி கண்ட மாடுகளோடு மூக்கு உரசியும் நோய் பற்றவில்லை, நல்ல மண்ணில் விளைந்த தீனியே காரணம் என்று அவர் எழுதினார். சில மாடுகளைப் பார்த்துச் சொன்னது அது. அதை நம்பி இன்று தடுப்பூசி போடாமல் இருப்பவர் தொழுவத்தைக் காலி செய்துகொள்வார். மூட்டை உரமே நஞ்சு என்ற அளவுக்கு அவர் போனதையும் ஒப்ப முடியவில்லை. 1965, 66-இல் நாடு பசியில் துடித்தது; அமெரிக்கக் கப்பல் கோதுமை வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்தது. நம் சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்தார், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சியில் முன்னே நின்றார். அந்த விதைக்கு உரமும் தண்ணீரும் கொடுத்தபோது விளைச்சல் பாய்ந்து ஏறியது. பசித்தவனுக்குச் சோறு போட்ட அந்த மூட்டையை நான் இகழமாட்டேன்.

ஆனால் அந்தக் குட்டைக் கோதுமையை ஆராய்ந்தவர்களும் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தார்கள் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எப்போது தண்ணீர் என்பதே பெரிது என்று கண்டார்கள். விதைத்த 20 முதல் 25 நாளுக்குள், தூரடியிலிருந்து புது வேர் கிளம்பும் பருவம் ஒன்று உண்டு. பாய்ச்ச ஒரே தண்ணீர்தான் இருக்கிறது என்றால் அதை அன்றைக்குக் கொடு. இரண்டு இருந்தால் மற்றொன்றைப் பூக்கும் பருவத்தை ஒட்டிக் கொடு. தழைச்சத்தில் பாதியை விதைக்கும்போதும், மறுபாதியை முதல் தண்ணீரோடும் கொடு. பாசனமே இல்லாத மானாவாரி நிலமா? உரத்தின் அளவைக் குறை. முழுவதையும் விதைக்கும்போதே, ஈரம் தங்கும் ஆழத்தில் விதைக்கருகே இடு. காய்ந்த மேல்மண்ணில் இறைத்த யூரியா பாதி காற்றோடு போகும்; வெள்ளமாய்ப் பாய்ச்சினால் வேருக்கும் கீழே இறங்கிவிடும். நிலக்கடலை போடும் நம் தோழர்கள், பூக்கும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் ஈரம் குறையாமல் காப்பது இதே கணக்கில்தான்.

பஞ்சாபில் ஒரு காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிலம் கெட்டது. பின்னர் கோதுமையும் நெல்லும் மாறிமாறிப் போட்டு, இறைத்து இறைத்து, அதே நீர் பாதாளத்துக்கு இறங்கியது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்த ஆலை ஒன்று இருந்தது. அது மூடிக்கிடக்க, யூரியா மட்டும் எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து நம் கடைகளில் அடுக்கப்படுகிறது. எருக்குழிகளோ, பல ஊர்களில் பிளாஸ்டிக் பை போடும் பள்ளங்களாகிவிட்டன. தொழுவத்தில் மாடும் குறைந்துவிட்டது. ஏர் மாடு ஒன்றுக்கு 50 வண்டி என்ற கணக்கை இன்று யாரிடம் போய்ச் சொல்வது என்று தோழர்கள் கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் முந்திரிச் சருகு இருக்கிறது. பலாத் தோல் வண்டி வண்டியாகச் சந்தை ஓரத்தில் அழுகுகிறது. கரும்புச் சோகையைக் கொளுத்துகிறோம். மாடு ஒன்று இரண்டு வைத்திருப்பவர் வீட்டுச் சாணத்தோடு இவற்றைச் சேர்க்க ஒரு குழியும் மூன்று புரட்டலும் போதும்.

1947 அக்டோபர் 20-ஆம் நாள் லண்டனில் ஹோவர்ட் காலமானார். இந்தியா விடுதலை பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கோதுமை விதைத்த பூசாவும் எருக்குழி வெட்டிய இந்தூரும் இந்தியாவில். ஒரு தண்ணீரில் கோதுமை அறுத்த குவெட்டா பாகிஸ்தானில். பூசா ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்பே, 1934-இன் பீகார் நிலநடுக்கத்தில் இடிந்து டெல்லிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அவருடைய இந்திய வாழ்வை எழுதி 1953-இல் நூலாக வெளியிட்டவர் லூயிஸ் அம்மையார்.